டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிய பாக்கி கடைசியில் யாருக்குப் போகிறது?

குழித்துறைக்காரி:

குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன், எட்டு வருடமாகப் பஸ்தான். போன செவ்வாய்க்கிழமை காலை கைப்பையில் சில்லறை இல்லை, ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும். அதை நீட்டியதும் கண்டக்டர் முகம் போன போக்கைச் சொல்லவே வேண்டாம். டிக்கெட் 40 ரூபாய். டிக்கெட்டைத் திருப்பி, பேனாவால் 460 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்றார். பாலராமபுரம் வரை ஞாபகம் இருந்தது. அப்புறம் வீட்டிலிருந்து போன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. தம்பானூரில் இறங்கி ஆபீஸ் படியேறும்போதுதான் 460 ரூபாய் நினைவுக்கு வருகிறது, ஓடி வந்து பார்த்தால் வண்டி போய்விட்டது.

மறுநாள் அதே நேரத்து வண்டியில் ஏறினேன், ஆள் வேறு. "எனக்குத் தெரியாது சேச்சி" என்று சொல்லிவிட்டார். எந்த மாநிலத்து வண்டி என்று கேட்காதீர்கள், எனக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

என் சந்தேகம் இதுதான். இப்படி வாங்காமல் விட்ட பாக்கியெல்லாம் யாருக்குப் போகிறது? பக்கத்து சீட் அக்கா "எல்லாம் அவங்க டீ செலவுக்குத்தான்" என்கிறார். காலையில் முதல் டிரிப்பிலேயே ஏன் அவர்கள் கையில் சில்லறை இருப்பதில்லை, டிப்போவில் கொடுத்து அனுப்ப மாட்டார்களா? ராத்திரி அந்தப் பையில் இருக்கிற பணத்தை எப்படித்தான் கணக்கு முடிக்கிறார்கள்? டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது, போன் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

பழைய விசில்:

மக்ளே, நான் 1986-இல் நேசமணி போக்குவரத்துக் கழகத்தில், அதாவது குமரி மாவட்டத்து அரசு பஸ்ஸில், கண்டக்டராகச் சேர்ந்தவன். 1997-இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது பஸ்ஸில் இருந்த பெயர் போனது, என் தோளில் இருந்த பை போகவில்லை. 2017 வரை பை போட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் ஒன்று, அந்தப் பையில் இருக்கும் காசு கண்டக்டருடையது இல்லை, ஆனால் அது குறைந்தால் கொடுக்க வேண்டியவர் அவர். இதை மனதில் வைத்துக்கொண்டால் பஸ்ஸில் நீங்கள் பார்க்கும் பாதிக் கோபத்துக்குக் காரணம் புரிந்துவிடும். எங்கள் காலத்தில் டூட்டிக்கு வந்ததும் டிக்கெட் கட்டுகளை எண்ணி வாங்க வேண்டும், ஒரு ரூபாய்க் கட்டு, இரண்டு ரூபாய்க் கட்டு, ஐந்து ரூபாய்க் கட்டு என்று தனித்தனி நிறம். ஒவ்வொரு கட்டும் எந்த நம்பரில் ஆரம்பிக்கிறது என்று இன்வாய்ஸில், அதாவது அன்றைய கணக்குத் தாளில், எழுத வேண்டும். அதோடு என் சட்டைப்பையில் சொந்தக் காசு எவ்வளவு இருக்கிறது என்றும் எழுத வேண்டும். நான் எப்போதும் நூறு ரூபாய் கொண்டு போவேன், எல்லாம் சில்லறையாக. டிப்போவில் சில்லறை கொடுத்து அனுப்பிய நாள் எனக்கு ஞாபகத்தில் இல்லை. அந்த நூறு ரூபாய்தான் முதல் டிரிப்புக்கு முதலீடு. அதில் மூன்று பேர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கதை முடிந்தது, நான்காவது ஆளுக்கு டிக்கெட்டின் பின்னால் எழுதுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்புறம் ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தம். ஒவ்வொரு ஸ்டேஜிலும் அந்த நேரத்தில் ஒவ்வொரு கட்டும் எந்த நம்பரில் நிற்கிறது என்று எழுதி முடிக்க வேண்டும். தோட்டியோட்டில் ஏறிய கூட்டத்துக்கு டிக்கெட் போட்டு முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஜ் வந்துவிடும், டிரைவரிடம் "அண்ணே கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்று கெஞ்சி நிறுத்தி எழுதியிருக்கிறேன். ஏன் என்றால் செக்கர் ஏறினால் முதலில் வாங்குவது அந்தத் தாளைத்தான். நம்பரைப் பார்ப்பார், தலைகளை எண்ணுவார், கடைசியில் பையைக் கொட்டச் சொல்லுவார். விற்ற டிக்கெட்டும் என் சொந்த நூறும் சேர்ந்து எவ்வளவு வரவேண்டுமோ அவ்வளவு இருக்க வேண்டும். குறைந்தால் கையிலிருந்து போடு. கூடினால் அதைவிட மோசம், டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கினாயா என்று எழுதிவிடுவார். அப்படியென்றால் நீ வாங்காமல் விட்ட 460 ரூபாயை நாள் முழுக்கப் பையில் வைத்திருப்பது அந்த மனுஷனுக்கு எவ்வளவு நிம்மதி என்று நினைத்துப் பார். நான் இன்வாய்ஸ் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன், "பா. 60, நீலச் சேலை, வில்லுக்குறி" என்று. செக்கர் கேட்டால் காட்டலாம், அந்த அம்மா திரும்பி வந்தாலும் கொடுக்கலாம். வராவிட்டால் ராத்திரி கட்டும் பணத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டியதுதான். எல்லாரும் அப்படிச் செய்தார்களா என்று கேட்டால், சரி, இல்லை. டீ குடித்தவர்களும் உண்டு, அதையும் பார்த்திருக்கிறேன்.

சில்லறை எங்கிருந்து வரும் தெரியுமா? முதல் டிரிப்பில் ஏறும் மீன்காரம்மாக்களிடமிருந்து. குளச்சல் பக்கம் விடிகாலை வண்டி போனால் சட்டியைக் கால்நடுவில் வைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஈரமான பத்து ரூபாய்த் தாளை எடுத்துப் பிரித்துக் கொடுப்பார்கள், செதில் ஒட்டியிருக்கும். தாளை இன்ஜின் மூடியின் மேல் விரித்துக் காய வைத்துதான் பையில் போடுவேன். வாசனை என்றால் வாசனை, ஆனால் அந்த வாசனைதான் அன்றைய சில்லறை.

என் மருமகன் இப்போது டவுன் பஸ்ஸில் கண்டக்டர். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதற்கு அப்புறம் அந்தச் சில்லறையும் போயிற்று என்கிறான். பெண்களுக்குப் பூஜ்ய டிக்கெட்டைக் கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டும், அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. டிக்கெட் நூறு போகும், காசு அதில் முப்பது பேரிடம்தான் வரும், அந்த முப்பது பேரில் பாதி தாளாக நீட்டுவார்கள்.

2016 நவம்பர் 8 ராத்திரிக்கு மறுநாள் காலை நான் டூட்டி. அரசு பஸ்ஸில் பழைய ஐந்நூறு, ஆயிரம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வடசேரியில் ஏறியவர்களில் ஏழெட்டுப் பேர் ஆயிரம் ரூபாய்த் தாளோடு நின்றார்கள், அதில் ஒருவர் ஒரு ஸ்டேஜ் தள்ளி இறங்குகிறவர். ஊருக்குப் போக வந்தாரா, தாளை மாற்ற வந்தாரா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

பாறசாலை ஆள்:

அண்ணாச்சி எழுதியது எல்லாம் சரி, எல்லைக்கு இந்தப் பக்கமும் ஏறக்குறைய அதே கதைதான். நான் கேரள அரசு பஸ்ஸில் இப்போதும் வேலையில் இருப்பவன், வீட்டில் தமிழ், டூட்டியில் மலையாளம், செக்கர் ஏறினால் இரண்டும் வராது.

இப்போது கட்டு டிக்கெட் இல்லை, மெஷின். வே பில்லை, அதாவது அன்றைய கணக்குத் தாளை வாங்கி, சொந்தக் காசு எவ்வளவு என்று அதில் எழுதிவிட்டுத்தான் ஏறுவோம். எத்தனை டிக்கெட், எவ்வளவு பணம் என்று மெஷினே கூட்டிக் காட்டும், ஸ்டேஜ் மாற ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். மறந்துபோய் அமுக்காமல் விட்டால் அடுத்து ஏறுகிறவர் ஏறாத தூரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார், அதற்கு ஒரு சண்டை. ராத்திரி டிப்போவில் ஐந்நூறு இத்தனை, நூறு இத்தனை, நாணயம் இத்தனை என்று பிரித்து எழுதி, மெஷின் சொல்லும் தொகையைக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்க வேண்டும். மெஷினுக்குக் களைப்பு இல்லை, எனக்கு உண்டு. பதினான்கு மணி நேரம் நின்றுவிட்டு நாணயம் எண்ணினால் எண் மறக்கும், 20 ரூபாய் குறையும், சட்டைப்பையில் கை போகும். மாதத்தில் எத்தனை தடவை என்று மனைவியிடம் சொல்வதில்லை.

குழித்துறைச் சேச்சி, மறுநாள் அதே வண்டியில் தேடியதுதான் தப்பு. எங்களுக்கு டூட்டி மாறிக்கொண்டே இருக்கும், வண்டி வரும், ஆள் வரமாட்டார். டிக்கெட்டில் தேதி, நேரம், வண்டி எண், டிக்கெட் எண் எல்லாம் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு அந்த வண்டியின் டிப்போவுக்கே போய் ஸ்டேஷன் மாஸ்டரைப் பாருங்கள். அன்று யார் அந்த மெஷினை எடுத்தார் என்று அவர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். ஆனால் சீக்கிரம் போங்கள், மெஷின் டிக்கெட் சூட்டில் அடிக்கிற காகிதம், போன் கவருக்குள் வைத்தால் எழுத்து மங்கி அழிந்துவிடும். கடைசியில் பேனாவால் எழுதிய 460 மட்டும் மிஞ்சும், எந்த வண்டி என்பது போய்விடும். இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, இந்தப் பத்து ரூபாய் நாணயம். பதினான்கு வடிவத்தில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. பாறசாலையில் மீன் கடைக்காரர் முதல் லாட்டரிக்காரர் வரை மறுபேச்சு இல்லாமல் வாங்குவார்கள். எல்லையான களியக்காவிளை தாண்டி நான்கு கிலோமீட்டர் போனால் "இது செல்லாது அண்ணே". என் வண்டியில் அந்தப் பக்கத்து ஆட்கள் ஏறினால் வீட்டில் கிடந்த பத்து ரூபாய் நாணயத்தையெல்லாம் என்னிடம்தான் தள்ளுவார்கள். நான் திருப்பிப் பாக்கியாகக் கொடுத்தால் மட்டும் கையை இழுத்துக்கொள்வார்கள். ஒரே ஆள், ஒரே நாணயம், காலையில் செல்லும், சாயங்காலம் செல்லாது.

நேராப் பேசுறவன்:

எல்லாரும் கண்டக்டருக்கு ஆரத்தி எடுக்கிறீர்கள். நான் தினமும் போகிறேன், ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்ப் பாக்கி இதுவரை முழுசாக வந்ததே இல்லை. கேட்டால் "சில்லறை இல்லை". ஒரு வண்டியில் அறுபது பேர், ஆளுக்கு ஒரு ரூபாய், நாளுக்கு எட்டு டிரிப், கணக்குப் போட்டுப் பாருங்கள். இறங்கும்போது டிக்கெட்டைத் திருப்பி வாங்கி இன்னொருத்தருக்கு விற்ற காலமும் உண்டு, அதையும் அண்ணாச்சி எழுதட்டும்.

பழைய விசில்:

எழுதுகிறேனே. இருந்தது. அதனால்தான் "டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்குங்க" என்று செக்கர்கள் சொல்வது. மெஷின் வந்து நேரமும் ஸ்டேஜும் அடிக்க ஆரம்பித்ததும் அந்த வித்தை பெரும்பாலும் செத்துப்போனது. ஒரு ரூபாய்ப் பாக்கி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான், அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் அறுபது பேருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இருக்காது தம்பி, டிக்கெட்டைப் பொறுத்தது, உங்கள் கணக்கில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது.

பிடிபட்டால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். டில்லியில் 1973-இல் ஒரு கண்டக்டர் ஒரு அம்மாவிடம் 15 காசு வாங்கிக்கொண்டு 10 காசு டிக்கெட் கொடுத்தார் என்று பிடித்தார்கள். 5 காசு. வேலை போனது, வழக்கு நாற்பது வருடத்துக்கு மேல் இழுத்தது. தொகை சிறியதா பெரியதா என்பது முக்கியமில்லை, நம்பிக்கைதான் முக்கியம் என்று உச்ச நீதிமன்றமே கண்டக்டர் வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பென்ஷன் வரை எட்டிய ஆட்கள் இந்த 5 காசை நினைத்துத்தான் தூங்குவோம்.

கொழிஞ்சாம்பாறை:

அரசு பஸ் கதை இப்படி. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் தனியார் பஸ், அது வேறு உலகம். நான் கல்லூரி முடித்து வேலை கிடைக்காத இரண்டு வருடம் ஒரு பஸ்ஸில் கிளியாக இருந்து அப்புறம் கண்டக்டர் ஆனவன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கிளி என்றால் வாசலில் தொங்கிக்கொண்டு ஆளைக் கூப்பிடுகிறவர்.

அங்கே செக்கர் கிடையாது, முதலாளிதான் செக்கர். கடைசி டிரிப் முடிந்து வண்டியை பங்க்கில் நிறுத்துவோம். டிரைவர் டீசல் போடும்போது நான் பின் சீட்டில் உட்கார்ந்து பையைக் கொட்டுவேன், லைட் போட்டால் பூச்சி வரும் என்று செல்போன் வெளிச்சத்தில் எண்ணுவது. முதலில் டீசல் காசு தனி. அப்புறம் ஸ்டாண்டுக்குக் கட்டியது. அப்புறம் எங்கள் மூன்று பேர் பேட்டா, கலெக்ஷன் ஏறினால் அதுவும் ஏறும். மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு துண்டுத்தாளில் கணக்கெழுதி, முதலாளி வீட்டுத் திண்ணையில் கொடுப்பது. அவர் எண்ண மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். நேற்றைக்கும் இன்றைக்கும் இருநூறு வித்தியாசம் இருந்தால் "மழையா?" என்று ஒரு வார்த்தை கேட்பார், அவ்வளவுதான், அதற்குப் பதில் சொல்வது செக்கரிடம் பதில் சொல்வதைவிடக் கஷ்டம்.

பேட்டா கலெக்ஷனைப் பொறுத்தது என்பதால்தான் எங்கள் வண்டிகள் பறக்கின்றன, முன்னால் போகும் வண்டி ஸ்டாப்பில் நிற்பதற்குள் நாங்கள் போய் ஆளை ஏற்ற வேண்டும். கேரளத்தில் 2022 மே முதல் குறைந்த கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ஆனது. பயணிகள் திட்டினார்கள், எனக்கோ நிம்மதி, இரண்டு ரூபாய்க்காக ஒரு மணி நேரம் தேடும் வேலை ஒழிந்தது, ஒரு தாளை வாங்கினால் முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அதே ஒரு ரூபாய். காலை எட்டரைக்கு ஐம்பது பிள்ளைகள் ஏறினால் பை கனக்கும், கணக்கு கனக்காது. அந்தப் பிள்ளைகளை ஏற்றாமல் தாண்டிப் போகும் வண்டிகள் உண்டு, நாங்களும் ஒன்றிரண்டு தடவை போயிருக்கிறோம். இப்போது என் மகள் அதே ஸ்டாப்பில் நிற்கிறாள், அதனால் இதைப் பெருமையாக எழுதவில்லை.

ஜிபே பற்றி யாரும் எழுதவில்லையே? எங்கள் பக்கம் தனியார் வண்டியில் கண்டக்டர் சொந்த நம்பருக்கே அனுப்பச் சொல்வார், ராத்திரி முதலாளிக்கு அதைச் சேர்த்துக் கொடுப்பார்.

பாறசாலை ஆள்:

ஐயோ, எங்களிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். பயணி நல்ல மனதோடுதான் "சேட்டா நம்பர் சொல்லுங்க, அனுப்பிவிடுகிறேன்" என்பார். சொந்தக் கணக்கில் வந்தால் பையில் பணம் குறையும், செக்கர் ஏறினால் என்னிடம் பதில் இல்லை. மெஷின் திரையிலேயே கியூஆர் வரும் வண்டிகள் இப்போது இருக்கின்றன, அதில் போடுங்கள், அது நேராகக் கழகத்தின் கணக்கு. நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் மட்டும் பின்னால் நிற்பவர்கள் நம் இருவரையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்று:

கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். சேச்சி போகும் பாதையில் திருவனந்தபுரம் – களியக்காவிளை துண்டு இருக்கிறதே, திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் பஸ் விட ஆரம்பித்தபோது முதலில் ஓடிய பாதை அதுதான். அப்போது களியக்காவிளையில் எல்லை கிடையாது, எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிதான் எல்லை, 1956 நவம்பர் 1-க்கு அப்புறம்தான் எல்லை மேற்கே நகர்ந்தது. திருவிதாங்கூரில் காசு சக்கரம். 28 சக்கரம் அவர்கள் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரப் பாக்கியை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று எங்கள் தாத்தாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். அவர் எல்லையில் வெற்றிலை வியாபாரம் செய்தவர், அவர் எந்தப் பக்கம் லாபம் பார்த்தார் என்பதும் தெரியாது.

குழித்துறைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. பாறசாலை அண்ணன் சொன்னதும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன், பாதி எழுத்து போயே போய்விட்டது, வண்டி எண்ணில் கடைசி இரண்டும் நேரமும் மட்டும் தெரிந்தது. சனிக்கிழமை அந்த டிப்போவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் டிக்கெட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நோட்டைப் புரட்டி, "செவ்வாய் 460, ஆள் வரலைன்னு கட்டியிருக்கார்" என்றார். நோட்டில் அதே பேனா மையில் எழுதியிருந்தது. பக்கத்து சீட் அக்காவுக்கு அப்போதே போன் போட்டுச் சொன்னேன். "ஒருத்தர் அப்படி" என்றார், அவர் அவ்வளவுதான்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார்கள். மூன்று நூறு ரூபாய்த் தாள், மீதி 160-க்குப் பதினாறு பத்து ரூபாய் நாணயம். தாளாகத் தரக்கூடாதா என்று கேட்டேன், "சேச்சி, சில்லறை இல்ல" என்று சிரித்தார். மார்த்தாண்டத்தில் காய்கறிக் கடையில் இரண்டு நீட்டிப் பார்த்தேன், வாங்கவில்லை. திங்கள்கிழமை பாறசாலையில் இறங்கி டீயும் பழம்பொரியும் சாப்பிட்டதில் ஐந்து போயிற்று. மீதி பதினொன்று பையில் கிடக்கிறது, நாளைக் காலை டிக்கெட்டுக்கு அதில் நான்கு.